வன்னி வெயிலும் வீட்டு நாஸ் பெட்டியும்: ஹார்ட் டிஸ்க் சூடாவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பெருநிலம் எங்கும் இப்போது வீடுகளிலும் சிறிய ஸ்டூடியோக்களிலும் நாஸ் பெட்டி வந்துவிட்டது. ரவுட்டரோடு இணைத்துவிட்டால் வீட்டிலுள்ள எல்லாப் போன்களும் கணினிகளும் படம், வீடியோ, கமராப் பதிவு என்று அதற்குள் சேமிக்கலாம். உள்ளே இரண்டோ நான்கோ ஹார்ட் டிஸ்க் இரவு பகலாகச் சுழலும். இடப்பெயர்வுகளில் அல்பங்களைத் தொலைத்த குடும்பங்கள், உறவினரிடமிருந்து தேடியெடுத்து ஸ்கான் செய்த படங்களையும் இதற்குள்தான் வைத்திருக்கின்றன. அதனால் டிஸ்க் சூடாவதைச் சாதாரண விடயமாக விட்டுவிட முடியாது. கீழே வரும் வெப்பநிலைகள் எல்லாம் செல்சியஸ் பாகையில்.

டிஸ்க் எத்தனை பாகை வரை சூடாகலாம்?

பெரும்பாலான டிஸ்க்குகளுக்கு உற்பத்தியாளர் தரும் உச்ச எல்லை 60 அல்லது 65. அதைத் தாண்டினால் உத்தரவாதம் இல்லை என்பதுதான் அதன் பொருள். அதுவரை ஓடவிடலாம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 30 முதல் 45 வரை நிம்மதி. 45 முதல் 50 வரை, வன்னியின் சித்திரை வைகாசியில், பொறுத்துக்கொள்ளலாம். 50ஐத் தாண்டி மணிக்கணக்கில் நின்றால் காரணத்தைத் தேடுங்கள். 55க்கு வந்தால் பெட்டிக்கு வேலை கொடுப்பதை நிறுத்துங்கள். 60 என்றால் அணைத்துவிடுங்கள்.

கூகுள் நிறுவனம் ஒரு லட்சத்துக்கும் அதிகமான டிஸ்க்குகளைப் பார்த்து 2007இல் வெளியிட்ட ஆய்வில், மிதமான சூட்டுக்கும் பழுதுக்கும் பெரிய தொடர்பு தெரியவில்லை. மிக உயர்ந்த சூட்டில்தான், அதுவும் வயதான டிஸ்க்குகளில், பழுது கூடியிருந்தது. ஆகவே 43 காட்டுகிறதே என்று பதறத் தேவையில்லை. நான்கு வருடம் ஓடிய டிஸ்க் 54இல் நிற்பதுதான் கவலைப்பட வேண்டியது.

பெட்டியைத் தொட்டுப் பார்த்தே சூட்டைச் சொல்லலாமா?

முடியாது. பிளாஸ்டிக் ஓடு இளஞ்சூடாக இருக்கும்போதே உள்ளே டிஸ்க் 55இல் இருக்கலாம். உலோக ஓடு சூடாகத் தெரிவது பல வேளைகளில் நல்லது, உள்ளிருக்கும் வெப்பம் வெளியே வருகிறது. டிஸ்க்குக்குள்ளேயே வெப்பமானி உண்டு. சினாலஜி நிறுவனப் பெட்டியில் ஸ்டோரேஜ் மானேஜருக்குள் டிஸ்க்கின் பெயரைத் திறந்தாலும், கியூநாப் நிறுவனப் பெட்டியில் ஸ்டோரேஜ் பகுதியில் டிஸ்க்கின் நலன் பக்கத்தைத் திறந்தாலும் அந்த எண் தெரியும். டிஸ்க் தன் நலனைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பட்டியலைப் பார்க்கத் தெரிந்தவர்கள் 194ஆம் வரியைப் பாருங்கள். சில டிஸ்க்குகளில் அது 190ஆம் வரியில் இருக்கும்.

சூட்டுக்குக் காரணம் அறையா, பெட்டியா?

முதலில் தீர்க்க வேண்டிய கேள்வி இதுதான். இதைக் கண்டுபிடிக்காமல் பான் மாற்றுவதும் டிஸ்க் மாற்றுவதும் வீண்செலவு. தேவைப்படுவது ஒரு சாதாரண அறை வெப்பமானி மட்டுமே. அதைப் பெட்டியின் முன்பக்கம், காற்று உள்ளே போகும் இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். பின்பக்கம் வைத்தால் வெளியேறும் சூட்டைத்தான் அளக்கும். பிற்பகல் இரண்டு மணிக்கு ஒரு தடவை, விடிய ஐந்து மணிக்கு ஒரு தடவை, அறையின் எண்ணையும் டிஸ்க்கின் எண்ணையும் எழுதுங்கள். மூன்று நாள் போதும். பிறகு டிஸ்க்கின் எண்ணிலிருந்து அறையின் எண்ணைக் கழியுங்கள்.

பான் ஒழுங்காகச் சுழலும் பெட்டியில் இந்த வித்தியாசம் 8 முதல் 15 பாகைக்குள் இருக்கும். அறை 33, டிஸ்க் 44 என்றால் பெட்டியில் குறை இல்லை. அறை 39, டிஸ்க் 51 என்றாலும் வித்தியாசம் 12தான், பெட்டி தன் வேலையைச் செய்கிறது, குற்றம் அறையில். அறை 30, டிஸ்க் 52 என்றால் வித்தியாசம் 22. அங்கே காற்று ஓடவில்லை. பானோ தூசியோ வைத்த இடமோ காரணம்.

விடியற்காலையிலும் பிற்பகலிலும் வித்தியாசம் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் கணக்குச் சரி. விடியற்காலையில் கூடுதலாக இருந்தால் அந்த நேரத்தில் பெட்டிக்குள் ஏதோ பெரிய வேலை நடக்கிறது. அதைப் பின்னால் பார்ப்போம்.

சூடு கூடிவிட்டது என்று எச்சரிக்கை வந்துவிட்டது. இந்த நிமிடம் என்ன செய்வது?

நடந்துகொண்டிருக்கும் பெரிய கொப்பி, கமராப் பதிவு, சோதனை எல்லாவற்றையும் நிறுத்துங்கள். பானை முழு வேகத்துக்கு மாற்றுங்கள். அலுமாரிக்குள் இருந்தால் கதவைத் திறவுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் பெட்டியைத் தூக்கி இடம் மாற்ற வேண்டாம், சுழலும் டிஸ்க்குக்கு அதிர்ச்சி ஆகாது. பதினைந்து நிமிடத்தில் இறங்காவிட்டால் மென்பொருள் வழியாகவே அணையுங்கள். பிளக்கை இழுக்காதீர்கள். பல பெட்டிகள் அளவுக்கு மீறினால் தாமாகவே அணைந்துவிடும். அப்படி அணைந்த பெட்டியைக் காரணம் பார்க்காமல் திரும்பத் திரும்பப் போடுவதுதான் டிஸ்க்கைக் கொல்லும்.

வீட்டில் எங்கே வைப்பது?

அஸ்பெஸ்டஸ் அல்லது தகரக் கூரைக்கு நேர் கீழே, சிலிங் இல்லாத அறையில் வைக்க வேண்டாம். பிற்பகலில் அந்த அறை 40ஐத் தொடும். டிஸ்க் 50க்கு மேல் போவது அங்கே தவிர்க்க முடியாதது. ஓட்டு வீடு பரவாயில்லை. மேற்குச் சுவர் மாலைவரை வெயில் வாங்கி இரவு பத்து மணிவரை சூட்டைக் கக்கும். வடக்கு அல்லது கிழக்குச் சுவரோரம், மேசை உயரத்தில் வைப்பது நல்லது. சூடான காற்று மேலே ஏறும், ஆகையால் அலுமாரியின் உச்சி கூடாது. நிலமும் கூடாது: தூசி, எறும்பு, கறையான் எல்லாம் அங்கே. 2018 டிசம்பர் வெள்ளம் கிளிநொச்சி, முல்லைத்தீவு வீடுகளுக்குள் ஏறியதை மறக்காதீர்கள், மூன்று அடி உயரமாவது வேண்டும்.

பின்பக்கத்துக்கும் சுவருக்கும் இடையில் 15 சென்ரிமீற்றர், இரு பக்கமும் 10 சென்ரிமீற்றர் விடுங்கள். மேலே துணி, பூச்சாடி, ரவுட்டர், அடப்டர் எதுவும் வேண்டாம். யூபிஎஸ்ஸும் சூடு கக்கும், அதைப் பக்கத்தில் ஒட்டி வைக்காதீர்கள்.

சாமியறையில் வைப்பவர்கள் உண்டு. அமைதியான இடம், பிள்ளைகள் தொட மாட்டார்கள் என்பது நியாயமான எண்ணம். ஆனால் விளக்குப் புகையும் சாம்பிராணியும் எண்ணெய்ப் படலமாகப் பான் இதழில் படியும், அதன்மேல் தூசி ஒட்டினால் ஊதிப் போகாது. விறகடுப்பு எரியும் குசினிக்குப் பக்கத்து அறையும் அப்படியே. முல்லைத்தீவுக் கரையோரத்தில் கடல் பார்த்த ஜன்னலைத் தவிருங்கள். உப்புக் காற்று டிஸ்க்கின் இணைப்பு முனைகளை அரிக்கும்.

தூசி எவ்வளவு நாளுக்கு ஒருமுறை தட்ட வேண்டும்? எப்படி?

கிரவல் வீதிக்கு அருகே இருந்தால் சோளகம் வீசும் வைகாசி தொடக்கம் ஆவணி வரை மாதம் ஒருமுறை. காலபோக அறுவடை நடக்கும் மாசி, பங்குனியில் வைக்கோல் தூசி பறக்கும், அப்போதும் அப்படியே. மற்றக் காலத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும்.

மென்பொருள் வழியாக அணைத்து, பிளக்கைக் கழற்றி, டிஸ்க் சுழல்வது நிற்க ஒரு நிமிடம் பொறுங்கள். டிஸ்க் பூட்டியிருக்கும் தட்டுகளை இழுக்குமுன் ஒவ்வொன்றிலும் 1, 2, 3 என்று ஒட்டுத்தாளில் இலக்கம் எழுதி ஒட்டுங்கள். போட்ட இடத்திலேயே திரும்பப் போட வேண்டும். காய்ந்த ஒரு அங்குலப் பெயின்ற் பிரஷ்தான் சிறந்த ஆயுதம். முன் மூடியின் துளைகள், தட்டுகளின் ஓரம், பின்னால் பான் இதழ் என்ற ஒழுங்கில் தட்டிக்கொண்டு வாருங்கள். கையால் அமுக்கி ஊதும் ரப்பர் ஊதியும் நல்லது. ஊதும்போது பானை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றில் தறிகெட்டுச் சுழன்றால் அதன் பேரிங் போய்விடும்.

டயர் கடைக் கொம்பிரசரில் காற்றடிக்கக் கொண்டுபோகாதீர்கள். அந்தக் காற்றில் தண்ணீரும் எண்ணெயும் கலந்திருக்கும், அழுத்தமும் மிக அதிகம். வீட்டு வக்கூம் கிளீனரின் குழாயைச் சுற்றுப் பலகைக்கு அருகே கொண்டுபோனால் நிலைமின்சாரம் பாய வாய்ப்புண்டு. ஈரத்துணி வெளி ஓட்டுக்கு மட்டும்.

திறந்த கையோடு உயிரினங்களையும் பாருங்கள். குளவி மண்கூடு கட்டிக் காற்றுத் துளையை அடைத்திருக்கும். சூட்டுக்கு வரும் பல்லி பலகைமேல் எச்சமிடும். சிற்றெறும்பு பிளக் துளைக்குள் குடியேறும். இதற்காகப் பெட்டியில் நுளம்பு வலையை ஒட்டினால் காற்று பாதியாகக் குறையும். நான்கு அங்குலம் தள்ளி, மரச்சட்டத்தில் வலை அடித்துக் கூடுபோல் சுற்றி வைத்தால் வலையின் பரப்புக் கூடும், காற்றும் தாராளமாக வரும். வலையிலும் தூசி படியும், அதை வாரம் ஒருமுறை தட்டுங்கள்.

பான் பழுதென்று எப்படித் தெரியும்?

மெல்லிய டிசு தாள் ஒன்றைப் பெட்டியின் பின்புறத் துளைக்கு முன் தொங்கவிடுங்கள். வெளியே தள்ளப்பட்டுப் படபடத்தால் சரி. அசையாவிட்டால் பான் நின்றுவிட்டது அல்லது தூசி அடைத்துவிட்டது. உள்ளே உறிஞ்சப்பட்டால், பெரும்பாலான பெட்டிகளில், யாரோ பானைத் திருப்பிப் பூட்டியிருக்கிறார்கள். கரகரவென்ற சத்தமும், போட்ட சில நொடிகளுக்குப் பிறகு தயங்கித் தயங்கிச் சுழல்வதும் பேரிங் தேய்ந்ததன் அடையாளம். தையல் மெசின் எண்ணெய் ஒரு துளி சில வாரம் கைகொடுக்கும், புதுப் பான் வரும்வரைதான் அது. தேங்காயெண்ணெய் வேண்டவே வேண்டாம், பிசினாகி இறுகிவிடும்.

பானை நானே மாற்றலாமா?

தாராளமாக. பிழைப்பது வாங்கும் இடத்தில்தான். பழைய பானைக் கழற்றிக் கையில் கொண்டுபோய் நான்கு விடயங்களை ஒப்பிடுங்கள். அகலம்: வீட்டுப் பெட்டிகளில் 92 மில்லிமீற்றர் பரவலானது, சிலவற்றில் 80 அல்லது 120. தடிப்பு: பெரும்பாலும் 25 மில்லிமீற்றர். மின்னழுத்தம்: 12 வோல்ட். கடைசியாக முனைகளின் எண்ணிக்கை, 3 அல்லது 4. இரண்டு கம்பி மட்டுமுள்ள மலிவுப் பானைப் பூட்டினால் அது சுழலும், ஆனால் வேகத்தைச் சொல்லும் கம்பி இல்லாததால் பான் பழுது என்று பெட்டி கத்திக்கொண்டே இருக்கும். பல பெட்டிகளில் இணைப்பியின் வடிவமும் சிறியது, கடையிலேயே பொருத்திப் பாருங்கள்.

பான் சட்டத்தின் பக்கத்தில் அம்புக்குறி இருக்கும். இல்லாவிட்டால், மோட்டாரைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள் உள்ள பக்கமாகத்தான் காற்று வெளியேறும். பெரும்பாலான பெட்டிகளில் காற்று முன்னாலிருந்து டிஸ்க்குகளுக்கு இடையால் வந்து பின்னால் போகிறது. பழையது இருந்த திசையைப் போனில் படம் எடுத்துவிட்டுக் கழற்றுங்கள். பூட்டியபின் டிசு தாள் சோதனை மறுபடியும்.

பானின் வேகத்தை எதில் வைப்பது?

சினாலஜியில் கன்ட்ரோல் பனலுக்குள் ஹார்ட்வெயார் பகுதியில் அமைதி, குளிர்ச்சி, முழு வேகம் என்று மூன்று நிலை உண்டு. அமைதி நிலை குளிர்நாட்டு வரவேற்பறைக்குப் பொருந்தும். இங்கே குளிர்ச்சி நிலை. பங்குனி முதல் புரட்டாதி வரை முழு வேகத்தில் விட்டாலும் தவறில்லை. பான் சீக்கிரம் தேயும் என்பது உண்மை, ஆனால் பானை மாற்றுவது மலிவு.

நான்கில் ஒரு டிஸ்க் மட்டும் சூடாக இருக்கிறது. ஏன்?

நடுவில் இருப்பவை எப்போதும் இரண்டு மூன்று பாகை கூடவே இருக்கும். அது இயல்பு. எட்டுப் பத்துப் பாகை கூடினால், அந்த டிஸ்க் மற்றவற்றைவிட வேகமாகச் சுழலும் வகையா என்று பாருங்கள். நிமிடத்துக்கு 7200 சுற்று வகை, 5400 வகையைவிடக் கூடுதல் மின்சாரம் தின்று கூடுதல் சூடு கக்கும். இரண்டும் கலந்திருக்கும் பெட்டிகள் நிறைய உண்டு. ஒரே வகையாக இருந்தும் இப்படி என்றால், ஸ்மார்ட்டில் பழுதின் அடையாளம் தேடுங்கள்.

நான்கு டிஸ்க் அறை கொண்ட பெட்டியில் இரண்டு டிஸ்க்தான் என்றால், புதிதாக அமைக்கும்போது நடுவே ஓர் அறை விட்டுப் பூட்டுங்கள். வெற்றுத் தட்டை எடுத்து எறியாதீர்கள். அந்த வாய் திறந்திருந்தால் காற்று டிஸ்க்கைத் தொடாமல் சும்மா இருக்கும் வழியால் ஓடிவிடும்.

யாரும் பாவிக்காத நேரத்திலும் டிஸ்க் ஓடிக்கொண்டே இருக்கிறதே?

ஒரு கலியாணத்தின் ஐயாயிரம் படத்தை ஏற்றினால், பெட்டி ஒவ்வொன்றுக்கும் சிறுபடம் செய்து முகம் அடையாளம் கண்டு வரிசைப்படுத்தும். அது நாட்கணக்கில் ஓடலாம். ஸ்டூடியோக்காரர் அந்த வேலையை இரவு பத்து முதல் காலை ஆறு வரை மட்டும் என்று நேரம் குறித்துவிடலாம். கமராப் பதிவு இடைவிடாமல் எழுதும். அசைவு தெரியும்போது மட்டும் பதியச் சொன்னால் வேலை வெகுவாகக் குறையும். மாதாந்தத் தரவுச் சரிபார்ப்பும் நீண்ட ஸ்மார்ட் சோதனையும் பல மணிநேரம் டிஸ்க்கை முழுமூச்சில் ஓட்டுபவை. அவற்றை இரவு பத்துக்குத் தொடங்க வையுங்கள்.

கனடாவிலிருந்து அண்ணா கொண்டுவந்து தந்த பெட்டி. தனியாக ஏதும் பார்க்க வேண்டுமா?

முதலில் நேர வலயம். ரொறன்ரோ நேரத்தில் அதிகாலை 2 மணிக்குக் குறித்த சரிபார்ப்பு இங்கே கோடையில் காலை 11.30க்கும் அவர்களின் குளிர்காலத்தில் பகல் 12.30க்கும் தொடங்கும், பிற்பகல் வெயில் முழுவதும் டிஸ்க் உச்ச வேலையில் இருக்கும். நேரத்தைக் கொழும்புக்கு மாற்றுங்கள். அடுத்து அடப்டர்: அதில் 100–240 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் இங்குள்ள 230க்குச் சரி, பிளக் முனை மட்டும் மாற்றினால் போதும். 120 மட்டும் என்றால் செருகவே கூடாது. பெட்டி 104 பாகை காட்டுகிறது என்று பயந்தால் பரனைற்றில் இருக்கிறதா பாருங்கள், அது 40 செல்சியஸ்தான்.

டிஸ்க்கை இடையிடையே தூங்கவிட்டால் சூடு குறையுமா?

குறையும். ஆனால் பத்து நிமிடம் என்று வைத்தால் நாளெல்லாம் நின்று நின்று எழும்பும். எழும்பும் ஒவ்வொரு தடவையும்தான் மோட்டார் அதிகம் உழைக்கிறது. மாலையில் மட்டும் பாவிக்கும் வீட்டுக்கு ஒரு மணிநேரம் என்று வையுங்கள். கமரா பதியும் பெட்டிக்கு இது பொருந்தாது.

மூடியைக் கழற்றிவிட்டு மேசை பானைத் திருப்பிவிடலாமா?

பெட்டிக்கு வெளியே, முன்பக்கமாகப் பானை வைப்பது அவசரத்துக்கு நல்ல வழி, சில பாகை இறங்கும். மூடியைக் கழற்றக் கூடாது. உள்பான் டிஸ்க்குகளுக்கு இடையால் காற்றை இழுப்பது மூடி இருப்பதால்தான். கழற்றினால் காற்று பக்கத்தால் ஓடும், பின்வரிசை இன்னும் சூடாகும், தூசியும் பல்லியும் நேரே உள்ளே.

ஏசி அறையில் வைத்தால்? ஐஸ் வைத்தால்?

ஏசி அறை நல்லதுதான், பகலில் பூட்டிக் கிடந்து வேகும் அறையாக இல்லாவிட்டால். குளிரூட்டிய டிஸ்க்கை உடனே வெளிப்புழுக்கத்துக்குக் கொண்டுவந்து போடாதீர்கள், வியர்வைபோல் நீர் படியும். இரண்டு மணிநேரம் பொறுத்துப் போடுங்கள். ஐஸ், ஈரச்சாக்கு, தண்ணீர் ஊற்றும் கூலர் எதுவும் பெட்டிக்கு அருகே வேண்டாம். பழுதான டிஸ்க்கைப் பிரிட்ஜில் வைத்தால் உயிர்க்கும் என்ற பேச்சை நம்பாதீர்கள்.

கரண்ட் வெட்டுக்கும் சூட்டுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. பெட்டி திடீரென்று அணைந்து மீண்டும் வரும்போது பல பெட்டிகள் தரவைச் சரிபார்க்கத் தொடங்கும். பிற்பகல் இரண்டுக்குக் கரண்ட் வந்தால் அந்த வேலை பிற்பகலில் நடக்கும். 2022 பங்குனிக் கடைசியில் நாளுக்கு 13 மணிநேரம் வரை கரண்ட் வெட்டிய காலத்தைப் போன்ற நாட்களில் இது அன்றாடம். இரண்டு டிஸ்க் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் 650 விஏ யூபிஎஸ் போதும். அதை யூஎஸ்பி வயரால் பெட்டியோடு இணைத்து, ஐந்து நிமிடத்தில் தானாக ஒழுங்காக அணையச் சொல்லுங்கள். வயர் இணைக்காத யூபிஎஸ், பற்றரி தீர்ந்ததும் அதே திடீர் அணைப்பைத்தான் தரும்.

ராஸ்பெரி பை என்ற சிறிய கணினிப் பலகையில் யூஎஸ்பி டிஸ்க் பூட்டியிருக்கிறேன். டிஸ்க் சூடாகித் தொடர்பு அறுந்து அறுந்து போகிறது.

பாதி வேளை அது சூடல்ல, மின்சாரம் போதாமை. ராஸ்பெரி பை 4இன் யூஎஸ்பி வாய்கள் நான்கும் சேர்ந்து கொடுப்பது 1.2 ஆம்பியர். எழும்பும்போது ஒரு சிறிய டிஸ்க்கே 1 ஆம்பியர் வரை கேட்கும், இரண்டாவதைப் பூட்டினால் தாங்காது. தனி மின்சாரம் உள்ள யூஎஸ்பி ஹப் போடுங்கள். டிஸ்க் உறையைப் படுக்க வைக்காமல் ஓரத்தில் நிறுத்தி வையுங்கள், இரு முகத்தாலும் சூடு போகும்.

சூடு இறங்கிவிட்டது. டிஸ்க்குக்குச் சேதம் ஏற்பட்டதா?

ஸ்மார்ட் பட்டியலில் 5, 197, 198 ஆகிய மூன்று வரிகளின் இறுதி எண்ணைப் பாருங்கள். மூன்றும் பூச்சியம் என்றால் நல்லது. 197 அல்லது 198 ஏறினால் வாசிக்க முடியாத இடங்கள் உருவாகியிருக்கின்றன, அன்றே கொப்பி எடுங்கள். 5ஆம் வரியில் சிறிய எண் வந்து அப்படியே நின்றால் கவனித்திருக்கலாம், வாராவாரம் ஏறினால் மாற்றுங்கள். 199 ஏறினால் பெரும்பாலும் குற்றம் டிஸ்க்கில் இல்லை, இணைப்பு முனையில். டிக் டிக் என்று அடிக்கும் டிஸ்க்கை உடனே அணையுங்கள். அதை மேலும் ஓட்டிப் பார்க்கும் ஒவ்வொரு நிமிடமும் மீட்கக்கூடியதைக் குறைக்கிறது.

புதிய டிஸ்க் வாங்கும்போது சூட்டை மனதில் வைத்து எதைப் பார்ப்பது?

நாஸுக்கென்று செய்த 5400 சுற்று வகை வீட்டுக்குப் போதும். நான்கு சிறியவற்றைவிட இரண்டு பெரியவை குறைந்த சூடு. தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி எழுதும் எஸ்எம்ஆர் வகையை ரெயிட்டில் (ஒரு டிஸ்க் போனாலும் தரவு தப்பும்படி பல டிஸ்க்கைச் சேர்த்து வைக்கும் முறை) போடாதீர்கள். ஒரு டிஸ்க் போய் மற்றதிலிருந்து மீளக் கட்டும்போது அது நாட்கணக்கில் இழுக்கும், அத்தனை நாளும் எல்லா டிஸ்க்கும் உச்ச சூட்டில் நிற்கும். நாஸ் டிஸ்க் என்று விற்ற சிலவும் இந்த வகை என்பது 2020இல்தான் வாங்கியவர்களுக்குத் தெரியவந்தது, ஆகவே மாதிரி இலக்கத்தை வைத்து, தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத சிஎம்ஆர் வகைதானா என்று உறுதிசெய்து வாங்குங்கள்.

ரெயிட் இருக்கிறதே, வேறு கொப்பி எதற்கு?

இரண்டு டிஸ்க்கும் ஒரே பெட்டியில், ஒரே சூட்டில், பெரும்பாலும் ஒரே நாளில் வாங்கியவை. ஒன்று சூட்டால் போனால் மற்றதும் அதே வெயிலைத்தான் தின்றிருக்கிறது. மீளக் கட்டும் வேலை மீதியிருப்பதற்கு இன்னும் பாரம். ஆகவே பானைத் தொடுமுன், பெட்டியைத் திறக்குமுன், மீண்டும் கிடைக்காதவற்றை மட்டுமாவது ஒரு யூஎஸ்பி டிஸ்க்கில் எடுங்கள்: ஸ்கான் செய்த பழைய படங்கள், காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், கலியாண வீடியோவின் மூலப் பிரதி. சினிமாப் படங்கள் பிறகு. அந்த டிஸ்க் வவுனியாவிலோ மன்னாரிலோ இருக்கும் சகோதரி வீட்டில் இருக்கட்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கொண்டுவந்து புதுப்பித்து, அதிலிருந்து பத்துப் படத்தை எழுந்தமானமாகத் திறந்து பார்த்துவிட்டு அனுப்புங்கள்.